காலாவதிச் சரக்கின் மேல் புது லேபிள்: எஃப்மாக் அமினோ அமிலம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்துப் பெப்டைடு தயாரிக்கும் ஆய்வகங்களில் பணிபுரிவோரும், அவற்றுக்கு வேதிப்பொருள் வாங்கித் தரும் பொறுப்பில் இருப்போரும் அடுத்த ஆர்டரைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றே எழுதுகிறேன். சென்னையில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்கு, காப்புத் தொகுதிகள் (வேண்டாத இடத்தில் வினை நடக்காமல் தற்காலிகமாக மூடி வைப்பவை) இணைக்கப்பட்ட ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், அதாவது எஃப்மாக்-ஹிஸ்டிடின்-ட்ரைட்டைல், ஒரு டீலர் வழியாக வந்தது. மறுபரிசோதனைத் தேதி (அதன் பின் மீண்டும் சோதித்தே பயன்படுத்த வேண்டிய தேதி) கடந்துபோன சரக்கின் மேல் புது லேபிள் ஒட்டி, வேறொரு லாட்டுக்கு, அதாவது வேறொரு தயாரிப்புத் தொகுப்புக்கு, உரிய பகுப்பாய்வுச் சான்றிதழை உடன் வைத்து, புதுச் சரக்கின் விலைக்கே அதை எங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

இந்தப் பொருளில் ஏமாற்றுவது எளிது. ஏனென்றால் நல்லதும் வெள்ளைப் பொடிதான், கெட்டதும் வெள்ளைப் பொடிதான். கார்ப்பினோவும் ஹானும் 1970இல் அறிமுகப்படுத்திய எஃப்மாக் தொகுதி காரம் பட்டால் கழன்றுவிடும். அந்தக் குணத்தை நம்பித்தான் ஒவ்வொரு சுற்றிலும் பிப்பெரிடின் என்ற காரத்தைக் கொண்டு அதை நீக்கிவிட்டு அடுத்த அமினோ அமிலத்தைச் சங்கிலியில் சேர்க்கிறோம். பக்கச் சங்கிலியைக் காக்கும் ட்ரைட்டைல் தொகுதியோ அமிலத்துக்கு இளகுவது. நாம் சொல்லும் நேரத்தில் கழல வேண்டிய இந்தத் தொகுதிகள், வெப்பமும் ஈரமும் சேர்ந்த கிடங்கில் நெடுநாள் கிடந்தால் புட்டிக்குள்ளேயே சிறிது சிறிதாகக் கழலத் தொடங்கிவிடும். ஹிஸ்டிடினின் பக்கச் சங்கிலியில் உள்ள இமிடசோல் வளையத்துக்கே ஓரளவு காரத்தன்மை உண்டு என்பதால், எஃப்மாக் வகைகளில் இது கூடுதல் கவனம் கேட்கும் பொருள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், ஈரம் படாமல் வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் லேபிளிலேயே அச்சிடுவது ஏதோ சம்பிரதாயத்துக்காக அல்ல.

எங்களுக்குப் பார்சல் வந்தது கத்திரி வெயில் காலத்தில். குளிர்ப்பெட்டியில் அனுப்புவதற்கென்று பில்லில் தனிக் கட்டணம் போட்டிருந்தார்கள். அட்டைப்பெட்டியைத் திறந்தால் தெர்மோகோலும் இல்லை, ஜெல் பேக்கும் இல்லை. கசக்கிய செய்தித்தாளுக்கு நடுவே புட்டி மட்டும் கிடந்தது. பாதுகாப்புத் தரவுத் தாளும் இல்லை. போனில் கேட்டதற்கு, "இதெல்லாம் ரூம் டெம்பரேச்சரில் ஒன்றும் ஆகாது சார், பொடி வெள்ளையாகத்தானே இருக்கிறது" என்று பதில் வந்தது. ஓரிரு நாள் பயணத்தில் இந்தப் பொடி பாழாகிவிடாது என்பது உண்மைதான். ஆனால் வாங்கிய கட்டணத்துக்கு உரிய பெட்டியைக்கூட வைக்காதவர்கள், அதற்கு முந்தைய மாதங்களில் அதை எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் இடமே இல்லை.

பாதிப்பு முழுவதும் ஓர் ஆய்வு மாணவியின் தலையில் விழுந்தது. அவருடைய பெப்டைடு சரியாக வரவில்லை. இணைப்பு வினையின் நேரத்தைக் கூட்டினார், கரைப்பானை மாற்றினார், சங்கிலியைத் தாங்கும் ரெசினை மாற்றினார். தம் கைப்பக்குவத்தில்தான் ஏதோ குறை என்று நம்பி இரவெல்லாம் ஆய்வகத்தில் நின்றார். மூலக்கூறுகளின் நிறையைக் காட்டும் நிறை நிறமாலையை நிதானமாக உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஹிஸ்டிடின் சேர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பாகவே நின்றுபோன சங்கிலி ஒன்று, 42 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) கூடுதலுடன் தெரிந்தது. அது அசிட்டைல் தொகுதியின் அடையாளம். அதாவது பொடியில் அசிட்டிக் அமிலம் மிஞ்சியிருக்கிறது. இணைப்பு வினைப்பொருள் அதையும் சேர்த்துத் தூண்டிவிட, அது சங்கிலியின் முனையை அடைத்துவிட்டது. இன்னொரு உச்சம், வேண்டிய பெப்டைடைவிட 137 டால்டன் கூடுதலாக இருந்தது. அது ஒரு ஹிஸ்டிடின் அலகின் நிறை. எஃப்மாக்கை இழந்த அமினோ அமிலம் பொடியில் கலந்திருந்தால், அது தன் இனத்தோடே இணைந்து, ஒன்று சேர வேண்டிய இடத்தில் இரண்டாகச் சேர்ந்துவிடும். இந்த இரண்டில் எதுவும் அந்த மாணவியின் பிழை அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

அதன் பிறகே புட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். குளிர்பதனப் பெட்டியின் ஈரத்தில் லேபிளின் ஒரு மூலை எழும்பியிருந்தது. அடியில் இன்னொரு லேபிள். மேல் லேபிளை மெதுவாக உரித்தபோது தயாரிப்பாளரின் உண்மையான லாட் எண்ணும், முந்தைய ஆண்டே கடந்துவிட்ட மறுபரிசோதனைத் தேதியும் தெளிவாகத் தெரிந்தன. சான்றிதழில் இருந்த லாட் எண் வேறு. புகைப்படங்களை அனுப்பியபோது டீலர், சீல் உடைத்த பொருளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார். சீலை உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது?

வாங்குவோர் செய்ய வேண்டியது கடினமல்ல. புட்டி வந்த அன்றே லாட் எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் இணையதளத்தில் லாட் எண்ணைக் கொடுத்தால் மூலச் சான்றிதழே கிடைக்கும், டீலர் தரும் நகலை நம்ப வேண்டியதில்லை. பிறகு ஒரு டிஎல்சி, அதாவது கலவையைத் தகட்டில் பிரித்துப் பார்க்கும் மெல்லேட்டு நிறப்பிரிகை, ஓட்டுங்கள். 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் ஒரே புள்ளி தெரிய வேண்டும். கரைப்பான் முகப்பை ஒட்டி இன்னொரு புள்ளி ஓடியிருந்தால் கழன்ற தொகுதிகளின் மிச்சமாக இருக்கலாம். அதே தகட்டில் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கும்போது அடிப்பக்கத்தில் ஊதா நிறம் எழுந்தால், எஃப்மாக் இழந்த அமினோ அமிலம் இருக்கிறது என்று பொருள். அசிட்டிக் அமிலத்தை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு மூலச் சான்றிதழில் அசிட்டேட் அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

நல்ல சரக்கே வந்தாலும் அதைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. குளிரிலிருந்து எடுத்த புட்டியை டெசிகேட்டரில் (ஈரம் புகாத உலர்கலத்தில்) வைத்து அறை வெப்பநிலைக்கு வந்த பின்னரே திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால், சென்னைக் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த பொடியின் மேல் நீராகப் படியும். ஈரம் ஏறிய பொடியை 619.7 என்ற மூலக்கூறு நிறையைக் கொண்டு கணக்கிட்டு நிறுத்தால், வினைக்குப் போகும் பொருள் கணக்கில் உள்ளதைவிடக் குறைவாகவே இருக்கும். மிஞ்சியதைத் திரும்பப் புட்டியில் கொட்டக் கூடாது. பிப்பெரிடின் போன்ற அமீன்கள் இருக்கும் அலமாரியில் இதை வைக்கவே கூடாது. டிஎம்எஃப் என்ற கரைப்பானில் கரைத்துப் பல நாள் வைப்பதும் தவறு. டிஎம்எஃப் சிதைந்து உண்டாகும் டைமெத்தில் அமீன் எஃப்மாக்கைக் கழற்றிவிடும். நுண்ணிய பொடி நிலைமின்னால் பறக்கும் என்பதால் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட் மூன்றும் வேண்டும். சிந்தினால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்தாளால் ஒற்றி எடுத்து வேதிக்கழிவில் சேர்க்க வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தராமல், அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்று டீலர் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டு லேபிள்களும் மிச்சப் பொடியும் சாட்சியாகப் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. கொள்முதல் குழுவுக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்துமூலம் புகார் போயிருக்கிறது. அரசு நிதியில் வாங்கும்போது குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் போவதால், விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே தயாரிப்பாளரின் மூல சீல், லாட்டுக்கு உரிய சான்றிதழ், மறுபரிசோதனைத் தேதிக்கு முன் குறைந்தது ஓராண்டு அவகாசம், திங்களன்று ஜெல் பேக்குடன் அனுப்புதல் ஆகியவற்றை நிபந்தனையாக இப்போது எழுதுகிறோம். பொருள் டிஎல்சியில் தேறும்வரை பில்லில் கையெழுத்துப் போடுவதில்லை.