ஆறு வருடமாகக் கையில் இருக்கும் நாலு இஞ்ச் கட்டிங் மெஷின்

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். ஆட்டுக் கொட்டகைக்கு ஜி.ஐ. பைப் வெட்ட வேண்டியிருந்தது, அதற்காக ஆறு வருடத்துக்கு முன்பு திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கியது இந்த மெஷின், ஆங்கிள் கிரைண்டர் என்பார்கள். கொட்டகை முடிந்த பிறகும் அதற்கு ஓய்வில்லை. கிணற்றுக் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, துருப்பிடித்த கேட் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. வெட்டுவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சுவிட்ச் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. விற்ற கடையில் அதை யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் கார்டு, அதாவது டிஸ்க்கைப் பாதி மூடியிருக்கும் தகட்டு மூடி. எங்கள் பக்கம் பத்து மெஷினைப் பார்த்தால் பாதிக்கு மேல் கார்டு இருக்காது. அஞ்சு இஞ்ச் டிஸ்க் மாட்ட இடம் வேண்டும் என்று கழற்றி எறிந்திருப்பார்கள். நானும் முதல் வாரம் கழற்றி வைத்திருந்தேன். கொட்டகைக்கு வெல்டிங் செய்ய வந்த அண்ணாச்சி பார்த்துவிட்டு, "கார்டு இல்லாம இந்த மிஷினத் தொடக்கூடாது தம்பி, பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, தானே மாட்டி ஸ்குரூவை முடுக்கிக் கொடுத்தார். நாலு இஞ்ச் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடைந்த துண்டும் அதே வேகத்தில்தான் வரும்.

வந்தது. அடுத்த வருடம் ஒரு நீளமான பைப்பின் இரண்டு முனைக்கும் கல் கொடுத்து நடுவில் வெட்டினேன். வெட்டு முடியும் நேரத்தில் பைப் நடுவில் தொய்ந்து டிஸ்க்கை இறுக்கிக் கடித்துவிட்டது. மெஷின் உதைத்தது, டிஸ்க் மூன்று துண்டானது. கார்டு என் பக்கம் மூடியிருந்ததால் ஒரு துண்டும் மேலே படவில்லை. இப்போது வெட்டுகிற இடத்துக்கு ஒரு பக்கம் மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துண்டாகிற பக்கத்தைத் தொங்கவிடுகிறேன். டிஸ்க்குக்கு நேர் பின்னால் நிற்பதும் இல்லை.

டிஸ்க் மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிடுவேன், சுவிட்சை மட்டும் நம்புவதில்லை. டிஸ்க்கில் போட்டிருக்கும் வேகம் மெஷின் வேகத்தை விட அதிகமாக இருக்க வேண்டும். நாலு இஞ்ச் கட்டிங் டிஸ்க்கில் 15,000க்கு மேல் இருக்கும். நடுவளையத்தில் காலாவதியாகும் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும், அது தாண்டியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டிஸ்க்கின் பிசின் பிடிப்பு தளர்ந்துவிடும் என்பதால் மூடி போட்ட டப்பாவில் வைக்கிறேன். அப்புறம் டிஸ்க்கை முடுக்கிப் பிடிக்கிற நட்டு. அதில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தட்டை. என் மெஷினில் மெல்லிய கட்டிங் டிஸ்க்குக்குத் தட்டைப் பக்கம் டிஸ்க்கைப் பார்த்து இருக்க வேண்டும், தடித்த கிரைண்டிங் வீலுக்கு மேட்டுப் பக்கம். மாற்றிப் போட்டால் நட்டு முடுக்கின மாதிரியே இருக்கும், டிஸ்க் மட்டும் ஆடும். இது பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆனது. மாட்டியதும் ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் வேலை.

கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கவே கூடாது. பல் வைத்த மர பிளேடை இதில் மாட்டிப் பனங்கட்டை அறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

எங்கள் ஊர் ஆனி, ஆடிக் காற்றில் பொறி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. வைக்கோல் படப்பு இருக்கிற பக்கம் அந்த மாதங்களில் வெளியில் வெட்டுவதே இல்லை. கண்ணாடி எப்போதும் உண்டு. லுங்கி, தோள் துண்டு, தளர்ந்த துணிக் கையுறை எதுவும் கிடையாது.

மூன்றாம் வருடம் மெஷின் விட்டுவிட்டு ஓடியது. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற இரண்டு கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்திருந்தன. இரண்டையும் ஒன்றாக மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது தொந்தரவு சுவிட்ச்சில். தூசி ஏறி, ஆன் நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது. நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும். ஆனிலேயே கீழே வைத்த மெஷின், கரண்ட் வந்ததும் தானாகச் சுற்றி ஓட ஆரம்பிக்கும். புது சுவிட்ச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை மெஷின் பெட்டிக்குள்தான் இருக்கிறது.