பவர்பிரெப் ஆன்லைன்: இரண்டே இரண்டு இலவசத் தேர்வுகள், அவற்றை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி

முதுநிலைப் படிப்புக்காக ஜிஆர்இ எழுதுகிறவர்களுக்கு, அந்தத் தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வுகளின் பெயர் பவர்பிரெப் ஆன்லைன். இடிஎஸ் தளத்தில் கணக்கு தொடங்கினால் போதும், இரண்டு முழுத் தேர்வுகள் கிடைக்கும். இந்த மதிப்புரை அதன் வெர்பல் பகுதியைப் பற்றி மட்டும்தான்: கோடிட்ட இடத்தை நிரப்புவது, பத்தியைப் படித்து விடை சொல்வது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆங்கிலப் பயிற்சிக்கு இதைவிட நேர்மையான கேள்விகள் கிடைப்பது அரிது. ஆனால் இது தராசு, பயிற்சிக்கூடம் இல்லை. பலர் இதைப் பயிற்சிக்கூடமாக நினைத்து முதல் வாரத்திலேயே இரண்டு தேர்வையும் எழுதித் தீர்த்துவிட்டு, கடைசி மாதத்தில் தங்கள் நிலை என்ன என்று அளந்து பார்க்க வழியில்லாமல் நிற்கிறார்கள்.

2023 செப்டம்பர் 22 முதல் ஜிஆர்இ சுருங்கிவிட்டது. முழுத் தேர்வும் இப்போது 1 மணி 58 நிமிடம்தான், நடுவில் இடைவேளை கிடையாது. வெர்பலில் இரண்டு பிரிவுகள்: முதலாவதில் 18 நிமிடத்தில் 12 கேள்விகள், இரண்டாவதில் 23 நிமிடத்தில் 15 கேள்விகள். முன்பு பிரிவுக்கு 30 நிமிடத்தில் 20 கேள்விகள் இருந்தன. கணக்குப் போட்டால் அன்றும் இன்றும் ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 90 விநாடிதான். கேள்வி வகைகளும் மாறவில்லை. அதனால் பழைய வெர்பல் பயிற்சிக் கேள்விகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பவர்பிரெப் புது அமைப்பிலேயே வருகிறது. முதல் பிரிவை எப்படிச் செய்தோமோ அதைப் பொறுத்து இரண்டாம் பிரிவு கடினமாகவோ எளிதாகவோ அமைவதும் அசல் போலவே இருக்கும். திரையும் அசல் போலத்தான்: கேள்வியைக் குறித்து வைக்கும் மார்க் பொத்தான், எதை விட்டோம் என்று காட்டும் ரிவ்யூ பக்கம், ஒரே பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகும் வசதி. பேப்பரில் அடிக்கோடு போட்டே படித்துப் பழகியவர்களுக்கு, திரையில் பத்தியை நகர்த்தி நகர்த்திப் படிப்பது முதல் தடவை கண்டிப்பாகத் தடுமாற்றம் தரும். அந்தத் தடுமாற்றத்தை இங்கேயே தாண்டிவிடலாம் என்பதே இந்தச் சேவையின் பெரிய லாபம். வீட்டிலிருந்து தேர்வு எழுதப் போகிறவர்கள் சாதாரண நோட்டில் குறிப்பெடுத்துப் பழகக்கூடாது. அங்கே காகிதத்தில் எழுத அனுமதி இல்லை, சிறிய வெள்ளைப் பலகையிலோ ஒளி ஊடுருவும் உறைக்குள் வைத்த ஒரே ஒரு தாளின் உறை மேலோதான் எழுதலாம். மாதிரித் தேர்வையும் அப்படியே எழுதுங்கள்.

இப்போது கேள்விகளின் தரம். கோடிட்ட இடக் கேள்விகள் இரண்டு வகை. டெக்ஸ்ட் கம்ப்ளீஷனில் ஒரு கோடு இருந்தால் ஐந்து விடைத் தேர்வுகள், இரண்டோ மூன்றோ கோடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று தேர்வுகள். சென்டன்ஸ் ஈக்விவலன்ஸில் ஒரே கோடு, ஆறு சொற்கள், அவற்றில் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிலும் பாதி மதிப்பெண் கிடையாது. இடிஎஸ் கேள்வியின் அழகு என்னவென்றால், விடை எதுவாக இருக்க வேண்டும் என்பதற்கான சான்று வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும். சந்தையில் கிடைக்கும் பல கேள்வித் தொகுப்புகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. அரிய சொல் ஒன்றைத் தெரியுமா தெரியாதா என்பதே அவற்றின் சோதனையாகிவிடுகிறது. ஒரு தொகுப்பு தேறுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. தேர்வுகளைக் கையால் மூடிக்கொண்டு வாக்கியத்தை மட்டும் படியுங்கள். கோட்டில் என்ன பொருள் வர வேண்டும் என்பதை வாக்கியத்தின் எந்தச் சொல் தீர்மானிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? பத்துக் கேள்வியில் மூன்றுக்கு மேற்பட்டவற்றில் அப்படிக் காட்ட முடியவில்லை என்றால் அந்தத் தொகுப்பை மூடி வைத்துவிடலாம்.

இந்த மாதிரிக் கேள்வி எப்படிச் சிக்க வைக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். வாக்கியத்தின் பொருள் இது: ஆரம்ப கால விமர்சகர்கள் அந்த நாவலின் ஒளிவுமறைவற்ற தன்மையைப் பாராட்டினார்கள், பின்னால் வந்தவர்களோ அது 'எனிதிங் பட் ______' என்றார்கள், கதை சொல்பவள் எதையெல்லாம் கவனமாக மறைக்கிறாள் என்று சுட்டிக் காட்டினார்கள். தேர்வுகள்: ஃபோர்த்ரைட், இவேசிவ், பெடான்டிக், ஆர்னேட், டெரிவேட்டிவ். 'மறைக்கிறாள்' என்பதைப் பார்த்ததும் கை தானாக 'இவேசிவ்' பக்கம் போகும், அதாவது நழுவிப் பேசுகிற. ஆனால் 'எனிதிங் பட்' என்றால் 'அது தவிர வேறு எதுவும்', அதாவது 'கொஞ்சமும் அப்படி இல்லை'. ஆக, கோட்டில் வர வேண்டியது 'ஒளிவுமறைவில்லாத', 'ஃபோர்த்ரைட்'. ஐந்து சொற்களுக்கும் பொருள் தெரிந்தவரும் இதில் தவறுவார். தவறு சொற்களஞ்சியத்தில் இல்லை, இரண்டு சின்னச் சொற்களில்.

தமிழில் சிந்திப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 'மழை பெய்தாலும் போனான்' என்று சொல்லும்போது திருப்பம் வினையோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த பகுதிக்கு நெருக்கத்திலேயே நிற்கிறது. 'இல்லை'யும் வாக்கியத்தின் கடைசியில் வந்து காதில் விழுந்துவிடும். ஆங்கிலத்தில் 'ஆல்தோ' வாக்கியத்தின் தலையில் வந்துவிட்டு, பதினைந்து சொற்கள் கழித்துத்தான் வேலை செய்யும். அதற்குள் அதை மறந்துவிடுகிறோம். எதிர்மறையோ 'ஹார்ட்லி', 'ஃபெயில்ஸ் டு', 'பிலை' (belie, பொய்யாகக் காட்டு) போன்ற சொற்களுக்குள் ஒளிந்திருக்கும். 'எ ஃபியூ' என்றால் சிலராவது இருக்கிறார்கள். 'எ' இல்லாமல் 'ஃபியூ' என்றால் ஏறக்குறைய யாருமே இல்லை. 'நத்திங் இஃப் நாட் பேஷன்ட்' என்றால் மிகமிகப் பொறுமைசாலி. இவற்றை ஒரு தனித்தாளில் எழுதினால் மொத்தம் நாற்பது உருப்படி வந்தால் அதிகம். ஆயிரக்கணக்கில் அருஞ்சொல் மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இந்த நாற்பதை முடிக்க வேண்டும். அதோடு, நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் சொற்களின் இரண்டாம் பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'க்வாலிஃபைட் பிரெய்ஸ்' என்றால் தகுதியான பாராட்டு இல்லை, 'ஆனால்' போட்டுத் தரும் பாராட்டு, 'செக்' என்றால் கட்டுப்படுத்து, 'வான்ட்' என்றால் இல்லாமை.

சென்டன்ஸ் ஈக்விவலன்ஸில் வேறொரு பொறி. ஒன்றுக்கொன்று ஒரே பொருள் தரும் ஜோடி ஒன்று, கோட்டில் பொருந்தாமலேயே தேர்வுகளில் உட்கார்ந்திருக்கும். இன்னொரு பக்கம், கோட்டில் அருமையாகப் பொருந்தும் ஒரு சொல்லுக்கு ஜோடியே இருக்காது. ஆகவே ஜோடி தேடுவது இரண்டாவது வேலை, வாக்கியத்தைப் படித்துச் சொந்தச் சொல்லை ஊகிப்பது முதல் வேலை. ஊகிக்கும் சொல் தமிழில் வந்தாலும் கெடுதல் இல்லை. 'மழுப்புகிற' என்று மனதில் தோன்றினால் அதை வைத்துக்கொண்டு ஆறு சொற்களையும் சலிக்கலாம்.

வாசிப்புப் பத்திகள்தான் வெர்பலின் ஏறக்குறைய பாதி. பெரும்பாலானவை ஒரே பத்தி, ஆனால் அடர்த்தியானவை. தவறும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுதான்: யார் சொன்னது என்பதைத் தவறவிடுவது. 'அறிஞர்கள் நெடுங்காலம் இப்படி நினைத்தார்கள்' என்று தொடங்கும் பத்தியில் அந்தக் கருத்து ஆசிரியருடையது இல்லை, அதை மறுக்கத்தான் ஆசிரியர் எழுதுகிறார். தவறான தேர்வு ஒன்று அந்த அறிஞர்களின் கருத்தை ஆசிரியர் வாயில் போட்டுக் காத்திருக்கும். அடுத்தது அளவு. பத்தியில் 'கன்சிஸ்டன்ட் வித்' என்று இருக்கும், அதாவது புதிய சான்று கோட்பாட்டோடு முரண்படவில்லை, அவ்வளவே. விடைத் தேர்வில் 'நிரூபிக்கிறது' என்று இருக்கும். கோட்பாடு சரியாகவே இருந்தாலும் அந்த விடை தவறு. மூன்றில் பொருந்துவதையெல்லாம் குறிக்கச் சொல்லும் கேள்வியில் ஒவ்வொரு தேர்வையும் தனிக் கேள்வியாக எடுத்து, பத்தியில் அதற்கான வரியைக் காட்டிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்று மட்டும் சரியாக இருக்கலாம், மூன்றும் சரியாக இருக்கலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு. முதல் பிரிவில் கோடிட்ட கேள்வி ஏழு என்று வைத்துக்கொண்டால், அவற்றை 7 நிமிடத்தில் முடித்துவிட்டு, பத்திக் கேள்வி ஐந்துக்கும் 11 நிமிடம் ஒதுக்கலாம். கேள்விக்கு 2 நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அந்த அடர்த்திக்கு அது வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள். ஆனால் நேரம் போதாமல் ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தால் எதை விடுவது? எல்லாக் கேள்விக்கும் ஒரே எடைதான். ஊகத்தில் சரியாக வரும் வாய்ப்பு, ஒரு விடை மட்டும் கேட்கும் பத்திக் கேள்வியில் ஐந்தில் ஒன்று. சென்டன்ஸ் ஈக்விவலன்ஸில் பதினைந்தில் ஒன்று. மூன்று கோட்டுக் கேள்வியில் இருபத்தேழில் ஒன்று. ஊகத்தை நம்புவதானால் ஐந்து தேர்வுக் கேள்வியில் ஊகியுங்கள், மூன்று கோட்டுக் கேள்வி பாதி புரிந்திருந்தால் அதை முடிக்க நேரத்தைக் கொடுங்கள். தலைகால் புரியாத மூன்று கோட்டுக் கேள்வியில் மட்டும் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இனி குறைகள். பெரிய குறை, இலவசத் தேர்வில் விளக்கம் இல்லை. எது சரி என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. காசு கொடுத்து வாங்கும் பவர்பிரெப் பிளஸில் விளக்கம் உண்டு. மூன்று கோட்டுக் கேள்விகளில் தொடர்ந்து சறுக்குபவர்கள் ஒன்றாவது வாங்குவது நியாயமான செலவு. வாங்காதவர்கள் அந்த விளக்கத்தைத் தாங்களே எழுத வேண்டும். தேர்வு எழுதிய மறுநாள் 27 வெர்பல் கேள்விகளையும் எடுத்து, சரியாக வந்தவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: விடையைத் தீர்மானித்த சொல் எது, பொருளைத் திருப்பிய சொல் எது, நான் குறித்ததற்குக் காரணம் என்ன. கேள்விக்கு 4 நிமிடம் ஆகும், மொத்தம் ஏறக்குறைய 2 மணி நேரம். தேர்வைவிட இந்த 2 மணி நேரத்தில்தான் முன்னேற்றம் நடக்கிறது. அதைச் செய்யாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போவது பொருளை வாங்கிப் பிரிக்காமலே வைப்பது போல.

இரண்டாவது குறை எண்ணிக்கை. இரண்டே தேர்வு, திரும்ப எழுதினால் பழகிய கேள்விகள். நினைவில் இருக்கும் விடையால் கூடும் மதிப்பெண் நம்பத் தகுந்ததில்லை. ஆனால் பழைய பத்திகளை வேறு விதமாகத் திரும்பப் பயன்படுத்த முடியும், இங்கேதான் க்ளோஸ் பயிற்சி, அதாவது பத்தியில் சில சொற்களை எடுத்துவிட்டு அவற்றை நிரப்புவது, உதவுகிறது. 1953ல் வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் இந்த முறைக்குப் பெயர் வைத்தபோது நோக்கம் தேர்வு இல்லை, ஒரு பனுவல் எவ்வளவு எளிதாகப் படிக்கக்கூடியது என்று அளப்பது. குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை எடுத்துவிட்டு வாசகர் எத்தனையை நிரப்புகிறார் என்று பார்த்தார். நமக்கு இடைவெளிக் கணக்கு வேண்டாம். ஏற்கெனவே படித்த பத்தி ஒன்றை, 200 சொல் அளவில், எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தைத் தொடாதீர்கள். மீதியில் 12 சொற்களை எடுத்துவிடுங்கள்: இணைப்புச் சொற்கள் ஆறு, 'இன்', 'ஆன்', 'ஆஃப்' போன்ற முன்னிடைச் சொற்கள் மூன்று, ஆசிரியரின் மனநிலையைக் காட்டும் பெயரடை மூன்று. ஐந்து நாள் கழித்து, விடைத் தேர்வு எதுவும் இல்லாமல் நிரப்புங்கள். பெயரடையில் தவறினால் சொற்களஞ்சியம் போதவில்லை. இணைப்புச் சொல்லில் தவறினால் பத்தியின் போக்கே பிடிபடவில்லை. அந்தப் பத்தியின் கேள்விகளில் அன்று சரியாகக் குறித்திருந்தாலும் அது அதிர்ஷ்டம்தான்.

சீனாவின் முதுநிலை நுழைவுத் தேர்வு ஆங்கிலத் தாளில் இந்தப் பயிற்சி விடைத் தேர்வுகளோடு கேள்வியாக வருகிறது: ஒரே பத்தியில் 20 கோடுகள், கோட்டுக்கு அரை மதிப்பெண், மொத்தம் 10. பக்கத்திலேயே நான்கு பத்திகளுக்கு 20 கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண், மொத்தம் 40. அங்கே எழுதுகிறவர் கோடுகளை வேகமாகக் கடந்து வாசிப்பில் நேரத்தைப் போடுவது சரி. ஜிஆர்இயில் கோடும் பத்தியும் சம எடை என்பதால் அந்தத் திட்டத்தை இங்கே கொண்டுவரக்கூடாது.

எட்டு வாரம் கையில் இருந்தால், முதல் தேர்வை முதல் வாரத்தில் ஒரே மூச்சில், 1 மணி 58 நிமிடமும் எழுந்திருக்காமல் எழுதுங்கள். முதலில் வரும் கட்டுரைப் பகுதியைத் தவிர்த்துவிட்டு வெர்பலுக்குத் தாவினால் அசல் தேர்வின் களைப்பு தெரியாது, மதிப்பெண்ணும் பொய் சொல்லும். இரண்டாம் தேர்வை அசலுக்கு 10 நாள் முன்பு எழுதுங்கள். 130 முதல் 170 வரையிலான அளவுகோலில் ஓரிரு மதிப்பெண் ஏறியதும் இறங்கியதும் பொருட்டில்லை, 27 கேள்வியில் இரண்டு ஊகம் பலித்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். அதைவிட, முதல் தேர்வின் நோட்டையும் இரண்டாம் தேர்வின் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'திருப்பிய சொல்' என்று எழுதிய இடத்தில் அதே சொல் இரண்டிலும் தவறுக்குக் காரணமாக இருந்தால், மீதமுள்ள நாட்களில் தினம் ஐந்து வாக்கியம் அந்தச் சொல்லோடு படிக்க வேண்டியதுதான் வேலை.