அம்பாசடர் ஆயில் சேம்பர்: பழசைத் தட்டி எடுப்பதா, புதுசு போடுவதா?

போன மழைக்காலத்தில் பெங்களூரு அல்சூரில் தண்ணீருக்கடியில் கிடந்த கல்லொன்று என் அம்பாசடரின் ஆயில் சேம்பரில், அதாவது என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், இடித்துவிட்டது. ஓட்டை விழவில்லை, ஆனால் அடிப்பக்கம் நன்றாக உள்ளே போய்விட்டது. "அண்ணே, இதைக் கழற்றிப் போட்டுவிட்டு புதுசு வாங்கிக்கோங்க" என்றார் மெக்கானிக். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்குப் பழசுதான் மேல் என்று படுகிறது.

சொல்வதெல்லாம் 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் என்ஜினுக்கு. பின்னால் வந்த இசுசு 1800-க்கு என்ஜினே வேறு, சேம்பரும் வேறு, ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்கும்போது இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

நான் வாங்கிப் பார்த்த புதுசு பளபளவென்றிருந்தது, ஆனால் தகடு மெல்லிசு. விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினாலே வளைந்தது, போல்ட் ஓட்டைகளில் இரண்டு நேராக வரவில்லை. விளிம்பு சமமாக உட்காராவிட்டால் நடுவில் எந்த பேக்கிங் (கேஸ்கெட்) போட்டாலும் ஆயில் கசியும், அதனால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிவாஜிநகரில் கிடைக்கும் கழற்றிய சேம்பர் தகட்டில் பரவாயில்லை, ஆனால் டிரெயின் நட்டின் மரை தேய்ந்திருக்கிறதா, அடியில் வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று கையால் தடவிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பழசின் பெரிய வசதி, இரும்புத் தகடு என்பதால் அடிபட்டால் நசுங்கும், தட்டினால் திரும்பும். அலுமினிய வார்ப்புச் சேம்பர் உள்ள வண்டிகளில் இதே அடிக்கு விரிசல் விட்டிருக்கும். வருஷக்கணக்கில் போல்ட்டை இறுக்கி இறுக்கி ஓட்டையைச் சுற்றி விளிம்பு மேடாகியிருக்கும், அதை ஒரு மரக்கட்டைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, இரும்பு ஸ்கேலை வைத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் ஒழுகுவது நிற்கும் வரை தட்டினேன். அப்புறம் சேம்பருக்குள் ஆயிலை உறிஞ்சும் வலை வடிகட்டியான ஸ்ட்ரெய்னரின் அடியில் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை ஒட்டி, சேம்பரை மாட்டிக் கழற்றினால் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று மாவின் தடிமனே சொல்லிவிடும். அடிப்பக்கம் நசுங்கி ஸ்ட்ரெய்னரை முட்டினால் ஆயில் ஏறாது, பேரிங் போய்விடும், அதனால் இந்தச் சோதனையை மட்டும் விடாதீர்கள். முடிந்ததும் மாவைத் துளிகூட விடாமல் துடைத்துவிடுங்கள்.

பேக்கிங்கில் எனக்குக் கார்க்தான். பேக்கிங் இல்லாமல் கசிவடைக்கும் பேஸ்டை மட்டும் அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கிய துண்டுகள் பிய்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். முன்னும் பின்னும் மெயின் பேரிங் கேப்பில் வரும் கார்க் துண்டுகளையும் புதுசாகப் போடுங்கள், மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு பேஸ்ட் போதும்.

ஒன்று, இதையெல்லாம் செய்யும் முன்பே பார்க்க வேண்டியது: இந்த என்ஜினில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பியனுப்பும் சுருள் பள்ளம்தான். சொட்டு என்ஜினுக்குப் பின்னாலுள்ள கிளட்ச் ஹவுசிங்கிலிருந்து விழுந்தால் அது சேம்பர் கசிவாக இல்லாமலும் இருக்கலாம். அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, ராத்திரி வண்டிக்கடியில் பழைய பேப்பரை விரித்து, காலையில் கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறதென்று பாருங்கள்.