நாட்டு மதிப்பெண்ணா, ஆளுக்கு ஆள் அளவீடா?

ஒரு மென்பொருளை இரண்டு நாட்டு ஊழியர்கள் எப்படி ஏற்கிறார்கள் என்று ஒப்பிடும்போது பண்பாட்டை எதைக் கொண்டு அளப்பது? பண்பாட்டு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டுக்கும் தந்த மதிப்பெண்களை எடுத்துக்கொள்ளலாம். அல்லது பதில் தருபவர் ஒவ்வொருவரின் விழுமியங்களையும் நேரடியாகக் கேட்டு அளக்கலாம். என் ஆய்வுக்கு நான் எடுத்தது இரண்டாவது.

முதல் வழியின் வசதி தெரிந்ததே: செலவில்லை, எண்கள் தயார். அவை 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டியவை என்ற குறையும் பழைய கதை. என்னைத் தள்ளி நிற்க வைத்தது வேறு. நாட்டின் சராசரியை ஒவ்வொருவர் தலையிலும் கட்டுகிறோம். தனிமனிதரை அளக்க அவை உதவாது என்று ஹாஃப்ஸ்டெடே சொல்லியிருக்கிறார். மேலும், எத்தனை நூறு பேர் பதில் தந்தாலும் இரண்டு நாடு என்றால் பண்பாட்டுக்கு இரண்டே எண்கள்தான். வேறுபாடு அதிகார இடைவெளியால் (மேல், கீழ் என்ற ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதால்) வந்ததா, வருமானத்தாலா, பிரிக்க முடியாது. 1997இல் ஸ்ட்ராப், கீல், பிரென்னர் மூவரும், பயனுள்ளது, எளியது என்று தோன்றினால் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்னும் தொழில்நுட்ப ஏற்பு மாதிரியைச் சோதித்தபோது அது அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் பொருந்தியது, ஜப்பானில் பொருந்தவில்லை. பண்பாடே காரணம் என்பது நல்ல ஊகம்தான். மூன்று நாடுகளை வைத்து அதற்கு மேல் போக முடியாது.

ஆளுக்கு ஆள் அளந்தால் ஒரே நாட்டுக்குள் இருக்கும் வேறுபாடும் கைக்கு வருகிறது. சரி, இதற்கும் விலை உண்டு: வினாத்தாள் இரு இடத்திலும் ஒன்றையே அளக்கிறதா என்று காட்டியாக வேண்டும். முதலில் காரணிகளின் அமைப்பு, அதாவது எந்தக் கேள்விகள் சேர்ந்து எந்த விழுமியத்தை அளக்கின்றன என்பது, ஒத்திருக்க வேண்டும். அடுத்து காரணிச் சுமைகள், அதாவது ஒவ்வொரு கேள்வியும் தன் காரணியோடு எவ்வளவு வலுவாக இணைகிறது என்பது. இவை ஒத்தால் மாறிகளுக்கு இடையிலான உறவுகளை ஒப்பிடலாம். கடைசியாக இன்டர்செப்ட்கள், அதாவது காரணியின் மதிப்பு சுழியாக இருக்கும்போது ஒரு கேள்விக்கு எதிர்பார்க்கும் பதில் எண். இதையும் தாண்டினால்தான் சராசரிகளை ஒப்பிட முடியும். பெரும்பாலும் இடறுவது இங்கேதான், ஏனென்றால் எதற்கும் 'ஆம்' போடும் பழக்கமோ, ஓரத்து எண்களைத் தவிர்க்கும் பழக்கமோ நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் சிஎஃப்ஐ (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 0.01க்கு மேல் இறங்கக் கூடாது என்ற செயுங், ரென்ஸ்வோல்டின் 2002 அளவுகோலையே பலரும் பின்பற்றுகிறார்கள். ஒன்றிரண்டு கேள்விகள் மட்டும் முரண்டு பிடித்தால் அவற்றுக்கு மட்டும் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, பகுதிச் சமத்தன்மையோடு மேலே போகலாம். எரிச்சலான வேலைதான். ஆனால் கோளாறு இருந்தால் என் தரவிலேயே அது தெரிந்துவிடும். கடன் வாங்கிய நாட்டு மதிப்பெண்ணில் சோதித்துப் பார்க்க எதுவுமே இல்லை.

தனிமனிதரிடம் அளந்தது பண்பாடா, அவர் சுபாவமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2006இல் ஸ்ரைட்டும் கரஹான்னாவும் இதை 'ஒருவர் ஏற்றுக்கொண்ட தேசியப் பண்பாட்டு விழுமியம்' என்று பெயரிட்டது எனக்குப் போதுமான சமாதானம். முப்பது, நாற்பது நாடுகள் இருந்தால், ஆட்களையும் நாடுகளையும் தனித்தனி நிலைகளாகக் கணக்கிடும் பல்படிநிலை மாதிரிக்குள் நாட்டு மதிப்பெண்ணையே வைக்கலாம் என்று நினைக்கிறேன். அத்தனை நாடுகளோடு நான் வேலை செய்ததில்லை.