வைகைக் கரையா, முகத்துவாரமா?

மதுரையில் கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதையிலும் ஓட்ட ஏற்ற அகல டயர் சைக்கிள்) வாங்கியவர்கள் கேட்பது இதுதான்: வைகைக் கரையோரம் மானாமதுரை வரை போகலாமா, ராமநாதபுரம் போய் ஆறு கடலைத் தொடும் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் ஓட்டலாமா?

தூரம்:
மானாமதுரை – வீட்டிலிருந்தே கிளம்பலாம். ஒரு வழி சுமார் 50 கி.மீ.
ஆற்றங்கரை – ராமநாதபுரமே 110 கி.மீ.க்கு மேல். ரயிலோ காரோ வேண்டும்.

தரை:
மானாமதுரை – கண்மாய்க் கரைகளில் இறுகிய செம்மண், கிராவல். 40 மி.மீ. அகல டயர் போதும்.
ஆற்றங்கரை – உதிரி மணல், உவர்மண். 45 மி.மீ.க்குக் குறையாமல், காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள். மழைக்குப் பின் உவர்மண் சேறாகிச் சக்கரத்தை அப்பிக்கொள்ளும்.

முள்: இரண்டிலும் சீமைக்கருவேலம்தான். ஒரே காலையில் இரண்டு முறை பஞ்சரான பிறகு நான் டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்கு மாறி, உள்ளே சீலன்ட் (சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிவிட்டேன். தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

காற்று, நிழல்: கடலோரத்தில் நிழலே கிடையாது, எதிர்காற்று ஆளை உறிஞ்சிவிடும். மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். வைகைப் பக்கம் திருப்புவனத்தில் டீக்கடை இருக்கிறது, வழியில் கீழடி அருங்காட்சியகமும் பார்க்கலாம்.

பராமரிப்பு: உப்புக்காற்று செயினை அரித்துவிடும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போடுங்கள்.

புதிதாக ஓட்டுபவர்களுக்கும் ஞாயிறு காலை மட்டுமே கிடைப்பவர்களுக்கும் மானாமதுரைதான். இரண்டு நாள் லீவும் பழகிய கால்களும் இருந்தால் ஆற்றங்கரை. 258 கி.மீ. ஓடிவந்த வைகை கடலில் கலக்கும் இடத்தில் விடியற்காலையில் நிற்க, அத்தனை மணலிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம்.