பாலிஷ் போட்ட அம்மோனைட் ஜோடி: ரெண்டு மாசம் மேஜை மேல வச்சுப் பாத்த பிறகு எழுதுறேன்

ஃபாசில்னாலே மியூசியத்துல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கற சமாச்சாரம்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். மடகாஸ்கர் அம்மோனைட்ட (எப்பவோ அழிஞ்சுபோன, சுருள் ஓடு உள்ள கடல் பிராணியோட ஃபாசில்) நடுவுல பொளந்து ரெண்டு பாதியையும் பாலிஷ் போட்டு ஆன்லைன்ல விக்கறாங்கன்னு தெரிஞ்சதும் ரெண்டு நாள் யோசிச்சேன், மூணாவது நாள் ஆர்டர் போட்டுட்டேன். உள்ளங்கை அளவுதான், ஆனா நல்ல கனம், தொட்டா ஜில்லுனு இருக்கு (ரெசின்ல வார்த்த போலியா இருந்தா இந்த ஜில்லுப்பு வராது).

முதுகுப்பக்கம் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல்லு, அவ்வளவுதான். திருப்பிப் பாத்தாதான் விஷயமே. நடுவுல கடுகு சைஸ்ல ஒரு அறை, அதுலேர்ந்து சுத்திச் சுத்தி ஒவ்வொரு அறையும் பெருசாகிட்டே போகுது. இது கணவாய், ஆக்டோபஸ் வகையறா, கடைசி அறையில மட்டும்தான் குடியிருக்கும், வளர வளர பின்னாடி ஒரு சுவர வச்சு அடைச்சுட்டு முன்னாடி நகந்துடும், அடைச்ச அறைகள்ல காத்து இருக்கறதால கடல்ல மிதக்கும். செத்துப் புதைஞ்ச பிறகு சேறு புகுந்த அறையெல்லாம் பழுப்புக் கல்லாயிடுச்சு, சேறு புகாத அறையில தண்ணி கசிஞ்சு கால்சைட் படிகம் சுவர்லேர்ந்து உள்பக்கமா வளந்திருக்கு. என்னோடதுல ஒரு அறை மட்டும் முழுசா ரொம்பல, நடுவுல குட்டி குகை மாதிரி இருக்கு, டார்ச் அடிச்சா உள்ள ஊசி ஊசியா மின்னுது. சுமார் 11 கோடி வருஷம் அந்தக் குகைக்குள்ள வெளிச்சமே போனதில்ல. இத எழுதும்போதும் சிலிர்க்குது!

வெட்டுனவர் கைக்கு தனியா ஒரு சலாம். பிளேடு துளி விலகியிருந்தாலும் அந்தக் கடுகு அறை போயிருக்கும். வெளி ஓரமா தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடுது பாருங்க, அறைக்கு அறை போன குழாய் அது, அதக்கூட சிதைக்காம விட்டிருக்காரு. ரெண்டு பாதியும் அச்சு அசலா பொருந்தலையேன்னு சிலர் ரிவ்யூல கோபப்பட்டிருக்காங்க. பிளேடு தடிமனுக்கு கல்லு தூளா போயிடும்ங்க, அதனால கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

குறைன்னா, வாய்ப்பக்க ஓரத்துல உடைஞ்ச இடத்த பேஸ்ட் வச்சு ஒட்டியிருக்காங்க, லென்ஸ் வச்சுப் பாத்தா அந்த இடம் மட்டும் சப்புன்னு ஒரே கலரா தெரியுது. ரிப்பேர் பண்றது தப்பில்ல, ஆனா முழுக்க இயற்கைனு போட்டு வித்தது தப்பு. பெட்டியில ஒரு துண்டுச்சீட்டு கூட இல்ல, எந்த இடத்துப் பாறைனு நானா மெயில் போட்டுக் கேக்க வேண்டியிருந்துச்சு, பதில்ல வந்ததும் நாட்டுப் பேரு மட்டும்தான். எங்க கெடச்சதுங்கற தகவல் போயிட்டா ஃபாசிலோட பாதி கதை போச்சு, அதனால ஒரு ஸ்டார் கொறச்சுட்டேன்.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு, தூசி படிஞ்சா காஞ்ச துணியால அழுத்தித் தேய்க்காதீங்க. கனிமங்களோட கடினத்த 1லேர்ந்து 10 வரைக்கும் அளக்கற மோஸ் அளவுகோல்ல கால்சைட் 3தான், தூசியில இருக்கற குவார்ட்ஸ் (மணல் துகள்) 7, பாலிஷ் கீறிடும். மொதல்ல சாஃப்ட் பிரஷ்ஷால தட்டிவிட்டுட்டு அப்புறமா ஈரத்துணி. ஆசிட் கலந்த கிளீனர் பக்கமே போகாதீங்க, கால்சைட் கரைஞ்சுடும்.