டுபாயில் ஹோட்டல் பியானோவா, இசைப் பள்ளியா?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் சேர்ச்சில் கீபோர்ட் வாசிக்கும் பெடியன் கையில் இரண்டு கடிதங்களோடு நின்றான். "மாஸ்டர், ரெண்டும் டுபாய்தான். ஒண்டு ஹோட்டல், மற்றது மியூசிக் ஸ்கூல். எதுக்குப் போறது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றான். அவனுக்கு இருபத்து நாலு வயது. பியானோப் பரீட்சையில் எட்டாம் கிரேட் முடித்துவிட்டான். கலியாண வீடுகளில் வாசித்து ஓரளவு உழைக்கிறான். இரண்டு வேலையையும் பார்த்தவன் என்று யாழ்ப்பாணத்தில் அவன் தேடி வரக்கூடிய ஆள் நான்தான் போலும். நாலு வருடம் டுபாய் ஹோட்டல்களில் வாசித்தேன், அதன்பின் ஆறு வருடம் அங்கேயே இசைப் பள்ளியில் படிப்பித்தேன். விறாந்தையில் இருத்தி அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சம்பளத்திலிருந்து தொடங்குவோம், எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தானே. கடிதத்தில் இருந்த தொகையை வைத்து இசைப் பள்ளிதான் கூடத் தருகிறது என்று அவன் நினைத்திருந்தான். ஹோட்டல் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தங்குமிடம், மூன்று நேரச் சாப்பாடு, உடுப்புத் தோய்ப்பது, வேலைக்குப் போய்வர பஸ், விமான டிக்கெட் என்று எல்லாம் அவர்கள் பொறுப்பு. இசைப் பள்ளி விசாவும் மருத்துவக் காப்புறுதியும் மட்டும்தான் கொடுக்கிறது. வீட்டு வாடகை உங்களுடைய தலையில். புதிதாகப் போகிறவர்கள் அங்கே அறைகூட எடுப்பதில்லை, 'பெட் ஸ்பேஸ்' என்று ஒரு கட்டிலைத்தான் வாடகைக்கு எடுப்பார்கள். அப்படி இருந்தும், படிப்பித்த முதல் வருடம் ஹோட்டல் காலத்தில் அனுப்பியதைவிடக் குறைவாகத்தான் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. வீட்டுக் கடனுக்காக அவசரமாகக் காசு சேர்க்க வேண்டியவனுக்கு முதல் இரண்டு வருடம் ஹோட்டல்தான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேவைக்காலப் பணத்தையும் பார்க்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தால், வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் விட்டுப் போகும்போது தர வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் அது 30 நாளாகிறது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'அடிப்படை'. மொத்தச் சம்பளத்தைப் பெரிதாகக் காட்டி அடிப்படையைச் சிறிதாக வைத்திருந்தால் கடைசியில் கைக்கு வருவதும் சிறிதுதான். ஹோட்டல் வாத்தியக்காரர்களுக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்றுதான் பல இடங்களில் ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆறு மாதத்தோடு திரும்பி வந்தால் இந்தப் பணம் கிடையாது. பெடியனின் ஹோட்டல் கடிதமும் ஆறு மாதத்துக்குத்தான். அதை அவன் கவனித்திருக்கவில்லை.

இரவு வேலை எப்படிப் போகும் என்று கேட்டான். பின்னேரம் ஆறரைக்குக் கோட்டும் டையும் கட்டி லொபிக்கு இறங்க வேண்டும். ஏழிலிருந்து பதினொன்று வரை, நாற்பத்தைந்து நிமிடம் வாசிப்பு, கால் மணி ஓய்வு. கிழமையில் ஆறு நாள். முதல் ஹோட்டலில் கறுப்புப் பளபளப்போடு பெரிய கிராண்ட் பியானோ ஒன்று நின்றது. ஆசையோடு மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு கம்பியும் இல்லை. வெறும் பெட்டிக்குள் மின் பியானோ ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். இரண்டாவது இடத்தில் இருந்தது உண்மையான பியானோ, ஆனால் குளிரூட்டியின் வாய்க்கு நேர் கீழே நின்றது. காற்றின் ஈரம் நிலையாக, நூற்றுக்கு 40 முதல் 60 வரை இருந்தால்தான் பியானோ மரத்துக்கு நல்லது. அங்கே கதவு திறக்கும்போது கடற்கரை வெக்கை, மூடும்போது ஐஸ் காற்று. சுருதி சேர்த்துவிட்டுப் போன மூன்றாம் நாளே மேல் ஸ்தாயி கலைந்துவிடும். எந்தெந்தக் கட்டை சுருதி விலகியது என்று பார்த்து, அவற்றைத் தொடாமல் வாசிக்கப் பழகினேன். ஊரில் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கறையான் வரும். ஆகவே பழுதான வாத்தியத்தோடு சமாளிப்பது நமக்குப் புதிதில்லை.

சேர்ச்சில் வளர்ந்தவனுக்கு ஹோட்டலில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நான் பழகியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத காலம். கீபோர்ட் வைத்திருந்தவர்கள்கூட அதைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். எங்கள் சேர்ச்சில் இருந்தது காலால் மிதித்துக் காற்று அடிக்கும் ஓகன். அதற்குக் கரண்ட் தேவையில்லை. பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கு. நாலு குரலுக்கு எழுதிய ஞானப்பாட்டுகளைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டும், சபைக்குக் குரல் எட்டாவிட்டால் அந்த இடத்திலேயே அரைச் சுருதி இறக்க வேண்டும். ஹோட்டலில் தேவைப்பட்டதும் இதே திறமைதான். யாரோ வந்து ஒரு மெட்டை முணுமுணுப்பார், பெயர் தெரியாது, கண்டுபிடித்து வாசிக்க வேண்டும். மேலாளர் வந்து 'சத்தத்தைக் குறை' என்று கையால் காட்டுவார், இடது மிதியை அழுத்தியபடி தொடர வேண்டும். பிறந்தநாள் பாட்டு ஓர் இரவில் ஐந்து முறைகூட வரும், ஐந்தாவது மேசைக்கும் அது முதல் தடவைபோல இருக்க வேண்டும்.

யாரும் கேட்கிறார்கள் இல்லையே என்ற கவலை வரும். எனக்கும் வந்தது. ஒரு நாள் பத்தரை தாண்டி லொபி வெறிச்சோடிக் கிடந்தபோது, பழைய ஞானப்பாட்டு ஒன்றை மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன். தரை துடைக்கும் இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது. சீருடையில் ஒருவர் கிட்ட வந்து, "அண்ணை, இது எங்கட சேர்ச்சில பாடுறதெல்லோ?" என்றார். யாழ்ப்பாணத்து இளவாலைக்காரர். எட்டு மாதமாக ஒரே கட்டடத்தில் வேலை செய்திருக்கிறோம், ஒருவரை ஒருவர் தெரியாது. அதன்பின் ஒவ்வொரு இரவும் கடைசிப் பாட்டு அவருக்காகத்தான்.

ஆனால் நாலு வருடத்தில் என் கை முன்னேறியதா என்றால், இல்லை. பகல் முழுதும் ஓய்வுதான், ஆனால் பழகப் பியானோ கிடையாது. லொபியில் பகலில் தொட விடமாட்டார்கள், தங்குமிடத்தில் ஓர் அறைக்கு நாலு பேர். முந்நூறு பாட்டு கைவசம் வந்தது, எல்லாமே ஒரே வேகம், ஒரே மென்மை. ஒருநாள் பழைய பரீட்சைப் பாடம் ஒன்றை வாசித்துப் பார்த்தபோது இடது கை ஓடவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஹோட்டலுக்குப் போகிறவர்கள் முதல் மாதச் சம்பளத்தில் ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கக்கூடிய 88 கட்டை கீபோர்ட் ஒன்று வாங்க வேண்டும். வீட்டுக்கு அனுப்புவது ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை.

சரி, இசைப் பள்ளிக்கு வருவோம். காலை முழுதும் உங்களுடையது, ஏனென்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினால் எட்டு மணி வரை அரை மணிக்கு ஒரு பிள்ளை. சனி ஞாயிறில் காலை ஒன்பதிலிருந்தே. ஒரு சனிக்கிழமை பதினாலு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் சொந்தக் குரலே சலித்துவிடும். ஹோட்டல் களைப்பு முதுகில் தெரியும், இது நெஞ்சில் தெரியும். ஆனால் காலையில் பியானோ அறைகள் வெறுமையாக இருக்கும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான் பழகினேன். போன கையைத் திருப்பி எடுத்ததும், டிப்ளோமா சோதனைக்கு ஆயத்தமானதும் அங்கேதான்.

மணிக்கணக்குச் சம்பளத்தில் ஒரு பொல்லாப்பு உண்டு. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போய்விடும், வகுப்பு பாதியாகிவிடும். நான் வேலை செய்த முதல் இடத்தில், பிள்ளை வராவிட்டால் அந்த அரை மணிக்குக் காசு இல்லை என்பதைச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். பெற்றோரிடம் அவர்கள் காசு வாங்கினார்கள், எனக்குத் தரவில்லை. கேட்டபோது ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்றார்கள். எழுதித்தான் இருந்தது, வாசிக்காமல் விட்டது நான். ஆகவே குறைந்தபட்ச மணித்தியாலம் எத்தனை, பிள்ளை வராத பாடத்துக்கு என்ன ஏற்பாடு, விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்று கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும்.

படிப்பிப்பதில் கிடைத்தது என்ன என்று பெடியன் கேட்டான். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது வயது, பெற்றோர் சென்னைக்காரர். வாரத்தில் ஒருநாள் பாட்டு வகுப்புக்கும் போகிறவள். பியானோ பிடிக்கவில்லை, அம்மா அனுப்புகிறார், வருகிறாள். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "வெள்ளைக் கட்டை மட்டும், ஸியிலிருந்து ஸி வரை போ" என்றேன். வாசித்தாள். "இதுக்கு உன்ரை பாட்டு ரீச்சர் என்ன பேர் சொல்லுவா?" சற்று யோசித்து "சங்கராபரணம்" என்றாள். இனி எஃபிலிருந்து எஃப். கண் விரிந்தது: "கல்யாணி!" ஜீயில் ஹரிகாம்போஜி, ஏயில் நடபைரவி, டீயில் கரகரப்பிரியா, ஈயில் தோடி. ஒரு கறுப்புக் கட்டையும் தொடாமல் ஆறு ராகம். தோடிக்கு வந்தபோது அவளே தலையாட்டினாள், கமகம் இல்லாமல் அது தோடி மாதிரி இல்லை என்று. ஆம், பியானோவில் சுரத்தை அசைக்க முடியாது, அதையும் அவளே கண்டுபிடித்தாள். அதன்பிறகு அரை மணி போதவில்லை. மூன்று வருடத்தில் ஐந்தாம் கிரேட் எழுதினாள்.

இப்படிக் கர்நாடக இசையையும் மேலைத்தேய இசையையும் சேர்த்துக் கேட்கும் காது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் இருக்கும் சொத்து. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை எழுதியவர்கள், மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர்களிடம் பாட்டுப் பழகியவர்கள், சேர்ச்சில் கீர்த்தனை வாசித்தவர்கள் என்று இரண்டு பக்கக் காதும் உள்ளவர்கள் இங்கே நிறைய. வளைகுடாவில் தமிழ், மலையாளப் பெற்றோர் அத்தகைய ஆசிரியரைத் தேடித் திரிகிறார்கள். ஹோட்டல் லொபியில் அந்தக் காதுக்கு வேலையே இல்லை. இசைப் பள்ளியில் அதுதான் உங்களைத் தனியாகக் காட்டும்.

சான்றிதழ் விடயத்தில் வித்தியாசம் கடுமையானது. ஹோட்டல் உங்கள் வீடியோவைத்தான் பார்க்கும். இசைப் பள்ளி கடதாசி கேட்கும். எட்டாம் கிரேட் தொடக்கம்தான், ஏடிசிஎல், எல்டிசிஎல் போன்ற லண்டன் டிரினிட்டி கல்லூரி டிப்ளோமாக்கள் இருந்தால் பேரம் பேசலாம். சர்வதேசப் பாடசாலையில் முழுநேர ஆசிரியராக வேண்டுமானால் பட்டமே வேண்டும். ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு லண்டன் பரீட்சைச் சபையின் வழியில் போகிறவர்கள் ஆறாம் கிரேட்டுக்கு முன் ஐந்தாம் கிரேட் தியரியை, அதாவது இசைக் கோட்பாட்டுப் பரீட்சையை, முடிக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லாததால் தியரியை விட்டுவிட்டு எட்டு வரை வந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் படிப்பிக்க இறங்கியதும் திண்டாடுகிறார்கள். எங்கள் பெடியனும் அப்படித்தான். சான்றிதழ்களில் வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி எடுக்க இப்போது கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. அதன் கொன்சியூலர் அலுவலகம் யாழ்ப்பாணம் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே இருக்கிறது. எந்த வேலைக்குப் போனாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறக்கூடாது. என்னை அனுப்பிய முகவர் கொழும்பில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், டுபாயில் இறங்கியதும் வேறொரு தாளை நீட்டினார்கள். பதிந்திருந்தபடியால் மூலப் பிரதியைக் காட்டி வாதாட முடிந்தது.

ஹோட்டலில் வாசித்துக்கொண்டே பகலில் தனி வகுப்பு எடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். அங்கே விசா எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதோ அதற்குத்தான் வேலை செய்யலாம். மற்ற வேலைக்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் வீடு வீடாகப் போய்ப் பிடிபட்டால் தண்டமும் நாடு கடத்தலும் இருக்கின்றன. இந்த விஷப் பரீட்சை வேண்டாம்.

அப்புறம் வீடு. டுபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். பதினொரு மணிக்கு நான் பியானோவை மூடும்போது இங்கே பன்னிரண்டரை, அம்மா படுத்துவிடுவா. இசைப் பள்ளிக்கு மாறிய பிறகு, காலையில் அவ சமைக்கும் நேரம் கதைக்க முடிந்தது. டிசம்பரில் ஹோட்டல்காரனுக்கு லீவு என்ற பேச்சே இல்லை. நத்தார் இரவில்தான் அவனுக்கு அதிக வேலை. நாலு நத்தார் நான் வீட்டில் இல்லை. அப்பா போனது மூன்றாவது வருடம் நத்தாருக்கு அடுத்த கிழமை. இசைப் பள்ளியில் டிசம்பர் விடுமுறை உண்டு, ஆகஸ்டில் வந்தால் நல்லூர்த் திருவிழாவின் கடைசி நாட்களும் கிடைக்கும்.

இங்கேயே இருந்து லண்டன், கனடாப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் படிப்பித்தால் என்ன என்றும் கேட்டான். லண்டன் சரிவரும், கோடையில் அங்கே பின்னேரம் ஐந்து இங்கே ஒன்பதரை. டொரொன்டோவில் பின்னேரம் ஐந்தரை என்றால் நமக்கு விடிகாலை மூன்று. சேர்ந்து வாசிக்கவும் முடியாது, சத்தம் பிந்தி வரும். பக்கவருமானமாகச் செய்யலாம்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான்: உன் வீட்டில் கடன் இல்லை, அக்காவின் கலியாணமும் முடிந்தது. ஆகவே ஹோட்டலுக்கு எழுதாதே, இசைப் பள்ளிக்கு எழுது. ஆனால் மூன்று மாத அவகாசம் கேள், அதற்குள் தியரியை முடி. கடன் இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அவன் தலையாட்டிவிட்டு, ஹோட்டல் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான், எறியவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குத் தியரிப் புத்தகத்தோடு படலையைத் திறந்துகொண்டு வந்தான்.